எந்த ஊர் கோர்ட்டு?

1956ஆம் ஆண்டில் இந்த நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் உருவாயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. பாலக்காடு உட்பட மலபார் கேரளத்துக்குப் போனது. மார்ஷல் நேசமணியும் அவரது கட்சியும் விடாமல் கேட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கிடைக்கவில்லை.

இன்னொன்றை யாரும் கொண்டாடுவதில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் 1939ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. வண்டியில் அடிபட்டவர்கள் சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டாம், இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைப்போம் என்றது அந்தத் திருத்தம். 1957 பிப்ரவரி 16 முதல் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில், 110-ஏ பிரிவில், ஒரு வாக்கியம் இருந்தது. விபத்து நடந்த இடம் எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் மனு போட வேண்டும்.

ஒரே ஆண்டில் ஒரு கை மலைமேல் கோடு போட்டது. இன்னொரு கை, கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தாயோ அந்தப் பக்கம்தான் உனக்கு நியாயம் என்று எழுதியது. இரண்டு கைகளும் ஒன்றையொன்று கவனிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற 38 ஆண்டுகள் ஆயின.

கம்பம் பள்ளத்தாக்கு

இந்த வரலாற்றைப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் எல்லை தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவே இருப்பது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் கிளம்பும். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். உள்ளே பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குவாளி. ஜீப்பு கொள்ளாத கூட்டம். மழை, மூடுபனி, கொண்டை ஊசி வளைவு. ஜீப்பு கவிழ்ந்தது என்ற செய்தியை அந்த வட்டாரத்தில் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். செத்தவர் எத்தனை பேர், காயம்பட்டவர் எத்தனை பேர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். இடுப்பெலும்பு முறிந்த பெண் அதற்குப் பிறகு யாரிடம் போனார், எந்த ஊர் கோர்ட்டில் ஏறினார் என்பது செய்தியில் வராது.

ஏலத்தோட்ட வேலைக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றன்று போனால்தான் கூலி. இடுப்பு போனால் கூலி போச்சு. அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு என்பது கௌரவப் பிரச்சினையோ தத்துவப் பிரச்சினையோ கிடையாது, அடுத்த மாத அரிசி.

ரயிலுக்கு முந்திய சட்டம்

இழப்பீட்டுச் சட்டத்தின் கதை ரயிலிலிருந்து தொடங்குகிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவரை வண்டியேற்றிக் காயப்படுத்தினால் அவர் வழக்குப் போடலாம். கொன்றுவிட்டால் அவரது மனைவி மக்களால் எதுவும் கேட்க முடியாது. உரிமை ஆளோடு செத்துப்போகும். காயப்படுத்துவதைவிடக் கொல்வது லாபம் என்ற நிலை. ரயில் வந்து சாவுகள் கூடியபின் 1846இல் இங்கிலாந்தில் இதை மாற்றினார்கள். அதையே பார்த்து இந்தியாவிலும் 1855இல் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856 ஜூலையில். நம் பக்கத்தைப் பொறுத்தவரை சட்டம் ரயிலுக்கு ஒரு வருடம் முந்திக்கொண்டது.

உரிமை காகிதத்தில் வந்ததே தவிர, வழி சாதாரண சிவில் வழக்குதான். கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். எதிராளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களால் ஆகிற காரியமா?

எல்லையில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்று இந்தியாவில் எல்லைகள் இன்றைவிட அதிகம். தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு. 1908ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி சமஸ்தான நீதிமன்றம் ஒரு அந்நிய நீதிமன்றம். தென்காசி வண்டிக்காரர் செங்கோட்டைச் சந்தையில் ஒருவரை இடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால், அடிபட்டவர் திருவிதாங்கூர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினாலும் அது தென்காசியில் எடுபடுமா என்பது பெரிய கேள்வி.

இதற்கு 1894இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு பதில் சொல்லியிருந்தது. வழக்கு விபத்து பற்றியது அல்ல, பணம் பற்றியது. பஞ்சாபில் பரீத்கோட் சமஸ்தானத்தில் பொருளாளராக இருந்தவர் வேலையை விட்டு ஜிந்த் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். பரீத்கோட் கோர்ட் அவர் வராமலேயே தீர்ப்புக் கொடுத்தது. தன் எல்லைக்குள் இல்லாத, தன் அதிகாரத்தை ஒப்புக்கொள்ளாத ஆளின் மேல் கொடுத்த அந்தத் தீர்ப்பு வெளியே வெறும் காகிதம் என்றது பிரிவி கவுன்சில். ஓடிப்போனவருக்கு எல்லை ஒரு கேடயம். அடிபட்டவருக்கு அதுவே சுவர்.

தீர்ப்பாயம் தந்ததும் பறித்ததும்

1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த அத்தியாயம் மட்டும் 1946 ஜூலையில்தான் அமலானது. இதன் பிறகு அடிபட்டவர் டிரைவரின் சட்டைப் பையை நம்ப வேண்டியதில்லை, பணம் தர ஒரு கம்பெனி இருக்கிறது. அடுத்த படிதான் 1956இன் தீர்ப்பாயம். கட்டணம் குறைவு, நடைமுறை எளிது.

ஆனால் இடம் என்ற விஷயத்தில் அது ஒரு படி கீழே இறங்கியது. இதை நான் கவனித்தது சட்டப் பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான். பழைய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, உடலுக்கு நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பவருக்கு ஒரு தேர்வைக் கொடுத்திருந்தது. தீங்கு நடந்த ஊரிலும் வழக்குப் போடலாம், எதிராளி குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தீர்ப்பாயச் சட்டம் இந்த இரண்டாவது கதவை மூடியது. தீர்ப்பாயம் அமைந்த பகுதியில் சிவில் கோர்ட்டுக்குப் போகவும் தடை.

இதை மலைமேல் வைத்துப் பாருங்கள். ஜீப்பு கம்பத்துக்காரருடையது. டிரைவர் கூடலூர்க்காரர். அடிபட்ட பெண்ணும் பக்கத்துத் தெரு. கவிழ்ந்த இடம் மட்டும் குமுளிக்கு அப்பால் ஒரு வளைவு. பழைய சட்டத்தில் எல்லோரும் இருக்கும் ஊரிலேயே வழக்கு நடந்திருக்கும். புதிய சட்டத்தில் எல்லோரும் மலையேறி அடுத்த மாநிலம் போக வேண்டும். 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாகும்வரை பீர்மேடும் தேவிகுளமும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. குமுளியிலிருந்து கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கு மேல். இடுக்கி மாவட்டம் வந்தபிறகும் மாவட்ட நீதிமன்றம் அமைந்தது தொடுபுழாவை ஒட்டிய முட்டத்தில். அதுவும் சுமார் நூறு கிலோமீட்டர் மலைப்பாதை.

ஊன்றுகோலோடு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால் வாய்தா. மனு போடக் கெடுவும் உண்டு. முதலில் 60 நாள், பின்னால் ஆறு மாதம். மாவுக்கட்டுப் பிரிக்கவே மூன்று மாதம் ஆகிறவருக்கு 60 நாள் எம்மாத்திரம்? அந்த ஊர் வக்கீல் யாரையும் தெரியாது. அவர் எழுதும் மனுவை வாசிக்கத் தெரியாது. இந்த இடத்தில்தான் தரகர் நுழைவார். "நீங்க அலைய வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க, வர்றதுல பாதி." வக்கீல் தொழிலின் விதிப்படி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதே இந்தியாவில் தவறு. ஆனால் வழி தெரியாத ஊரில் விதி தெரிந்து என்ன பயன்? சட்டம் தொலைவில் இருந்தால் நடுவில் யாராவது கடை போடத்தான் செய்வார்கள்.

கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்த குமரி மாவட்டத்தவர்களுக்கு இதே கதை. வாளையாறு தாண்டி லாரி ஓட்டிய கோவைக்காரர்களுக்கும் இதே கதை. எதிர்த்திசையிலும் இதே கதை. பழனிக்கு வரும் வழியில் அடிபட்ட பாலக்காட்டுக்காரர் தமிழ்நாட்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது.

ஒரு வாக்கியம் மாறியது

மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பழகிய சங்கதி. ஒரு பதிவை எதை வைத்து அடையாளப்படுத்துவது என்று ஆரம்பத்தில் யாரோ ஒருவர் முடிவு செய்வார். அதன்மேல் எல்லாமே கட்டப்பட்டுவிடும். இங்கே அடையாளம் விபத்து நடந்த இடம். போலீசுக்கு அது வசதி, சாட்சிகள் அங்கே இருப்பார்கள் என்பது நியாயமும்கூட. ஆனால் அடிபட்டவர் அங்கே இருக்க மாட்டார். வண்டி கண்டுபிடிக்கப்பட்டதே இடம் விட்டு இடம் போகத்தானே.

1987இல் நீதிபதி டி.ஏ. தேசாய் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 119ஆவது அறிக்கையில் இதைச் சரியாகப் பிடித்தது. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிராளி வசிக்கும் இடம், இவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனுதாரர் விருப்பம்போல் மனு போடலாம் என்று மாற்றுங்கள், காலக்கெடுவையும் எடுத்துவிடுங்கள் என்றது. அடுத்த வருடமே புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166ஆவது பிரிவைப் பார்த்தால் பழைய வாக்கியம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1994 நவம்பரில் அமலான திருத்தத்தில்தான் ஆணையம் சொன்ன இரண்டும் நடந்தன. அடுத்த வருடம், 1995இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதேபோல் மாறி, தொழிலாளி தான் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரின் ஆணையரிடம் மனு கொடுக்கலாம் என்றானது. ஏலத்தோட்டப் பெண்ணுக்கு இரண்டு கதவுகளும் கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் வீட்டுப் பக்கம் திரும்பின.

சட்டம் மாறினாலும் பழக்கம் உடனே மாறுமா? காப்பீட்டுக் கம்பெனிகள் 'இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை' என்ற வாதத்தை விடவில்லை. 2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் உத்தராகண்டின் நைனிடால் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருந்தார். விபத்து நடந்தது உத்தரப் பிரதேசப் பக்கம். உயர் நீதிமன்றம் எல்லையைக் காட்டி அவருக்குக் கிடைத்ததைப் பறித்தது. உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. கம்பெனிக்கு நாடெங்கும் கிளை இருக்கிறது, எந்த ஊரில் வழக்கு நடந்தால் அதற்கு என்ன நஷ்டம் என்பதுதான் சாரம். 2016இல் கொல்கத்தா வழக்கொன்றிலும் இதையே திரும்பச் சொன்னது.

காகிதமும் மொழியும்

கோர்ட்டு கீழே இறங்கி வந்துவிட்டது. காகிதங்கள் இன்னும் மலைமேல்தான் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்து மகஜர், வண்டி ஆய்வு அறிக்கை, குற்றப்பத்திரிகை எல்லாம் கேரள போலீசின் கையில். எழுதப்பட்டிருப்பது மலையாளத்தில். முதல் சிகிச்சை மேலே நடந்திருந்தால் காயச் சான்றிதழும் அங்கே. தேனிப் பக்கத்துத் தீர்ப்பாயத்தில் வைக்க அவற்றை மொழிபெயர்க்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அது உதவிதான். ஆனால் விசாரணை விபத்து நடந்த ஸ்டேஷனுக்கே திரும்பும்.

மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023இல் ஒரு உதாரணம் கிடைத்தது. விபத்து நடந்தது சிலிகுரியில். பாதிக்கப்பட்ட குடும்பம் உத்தரப் பிரதேசத்தின் ஃபதேகரில் மனு போட்டது. சாட்சிகள் எல்லாம் சிலிகுரிக்காரர்கள், வழக்கை டார்ஜிலிங்குக்கு மாற்றுங்கள் என்று வண்டி உரிமையாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் மறுத்தது. 166ஆவது பிரிவு தேர்வை மனுதாரரிடம் கொடுத்திருக்கிறது, அதில் மாற்றாளுக்கு இடமில்லை என்றது. இதுவரை சரி. மொழிப் பிரச்சினைக்குப் பதிலாக, இந்தி தேசிய மொழி என்பதால் சாட்சிகள் இந்தியில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கலாம் என்றும் எழுதியது. அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது, ஒன்றியத்தின் ஆட்சிமொழிதான் உண்டு. முடிவு நியாயம், சொன்ன காரணம் கோணல். அந்தக் காரணத்தைக் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தால், மலையாளச் சாட்சி தமிழ்க் கோர்ட்டில் எந்த மொழியில் பேசுவது? மொழிபெயர்ப்பாளர் என்பவர் சலுகை கிடையாது. எல்லையோரக் கோர்ட்டுக்கு அவர் நாற்காலி மேஜை மாதிரி.

ஜீப்புக்குள் எத்தனை பேர்

ஊரும் மொழியும் தீர்ந்தாலும் கூட்டம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2007இல் இமாச்சலப் பிரதேச வழக்கொன்றில், 42 பேருக்கு அனுமதி உள்ள பஸ்ஸில் 90 பேர் போயிருந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனி 42 பேருக்குத்தான் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். கொடுக்கப்பட்ட தொகைகளில் பெரிய 42 தொகைகளைக் கூட்டிக் கம்பெனி கட்டும், அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும், மீதியை உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒற்றை ஜீப்பு வைத்துப் பிழைப்பவரிடம் மீதியை வாங்குவது எப்படி? தனியார் ஜீப்புக்குச் சட்டம் கட்டாயமாக்கும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றும் தீர்ப்புகள் உள்ளன.

அப்போது எஸ்டேட்டைக் கேட்கலாமா? இதற்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1958இல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. போர்பந்தர் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து படகில் கழி கடக்கும்போது படகு கவிழ்ந்து செத்தார்கள். வேலையிடத்தின் எல்லை கற்பனையாகக் கொஞ்சம் நீளும், ஆனால் பொதுப் படகுத்துறைவரை நீளாது என்று கம்பெனியை விடுவித்தது. பிறகு வந்த தீர்ப்புகளில், முதலாளியே வண்டி விட்டு அதில் போவது வேலையின் பகுதியாக இருந்தால் நிலைமை வேறு என்றானது. எனவே ஜீப்பை ஏற்பாடு செய்தது யார் என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் மதிப்பு இருக்கிறது. தோட்டத்துக் கணக்கில் ஜீப்பு வாடகை எழுதப்பட்டிருந்தால் அது சாட்சி. மோட்டார் வாகனச் சட்டம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், இரண்டிலும் வாங்க முடியாது.

இன்று

1979இல் ஹரியானா அரசு உச்ச நீதிமன்றம்வரை ஒரு வழக்கைக் கொண்டுபோனது. அரசு பஸ் மோதி இறந்தவரின் மனைவியும் மகளும் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வசதியில்லாமல் ஏழைகளுக்கான விலக்கைக் கேட்டார்கள். அந்த விலக்கு தீர்ப்பாயத்துக்குப் பொருந்தாது என்பது அரசின் வாதம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கண்டித்துத் தள்ளுபடி செய்தார். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர், எல்லை நிலத்தின் பிள்ளை. இலவச சட்ட உதவிக்காக 1970களில் அவர் எழுதியதும் பேசியதும்தான் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமாகி 1995 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தோட்டத்துப் பெண் எவரும் தரகரிடம் பாதியைக் கொடுக்க வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் போதும். அந்த எண் ஜீப்பு ஸ்டாண்டுகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் விதிகள் மீண்டும் மாறியிருக்கின்றன. போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கும் வழியும் உண்டு. வெவ்வேறு மாநிலங்களில் மனுக்கள் போடப்பட்டால் முதலில் போட்டது நிற்கும், மற்றவை அங்கே வந்து சேரும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 1994இல் எடுத்த காலக்கெடு திரும்பி வந்துவிட்டது, ஆறு மாதம். அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

அந்த விதிகளில் இன்னொரு சின்ன ஏற்பாடு. அடிபட்டவருக்கு என்னென்ன உரிமை என்று சொல்லும் ஒரு படிவத்தைப் போலீஸ் அவர் கையில் கொடுக்க வேண்டும். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது. விடியற்காலை மலையேறிச் சாயங்காலம் இறங்கும் கம்பத்துப் பெண் அந்தச் சிறுபான்மைக் கணக்கில் வரமாட்டார், அவர் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர் இல்லை. அவருக்கு அந்தத் தாள் தமிழில் கிடைக்க இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். முல்லைப் பெரியாறு மாதிரிப் பெரிய விஷயம் இல்லை. ஒரு தாள், இரண்டு மொழி. வாளையாற்றிலும் களியக்காவிளையிலும் மறுபக்கத்துக்காரருக்கு மலையாளத்தில் அதே தாள்.